டார்லீன் மெயின் தெருவுக்குக் குடிவந்தாள்

டார்லீன் யூரிக் மலைமேல் இருந்த தன் வீட்டை விற்றுவிட்டு மெயின் தெருவுக்குக் குடிவரப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், சூப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு அவளைத் திட்டுவதற்காக நான் கடையிலிருந்து வெளியே ஓடினேன். வாசலிலேயே நின்றிருந்தாள். தலையை அண்ணாந்து, என் கடைக்கு மேலே இருக்கிற முதல் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் புத்தி கித்தி கலங்கிடுச்சா? மார்ச்சுல இடிக்கப்போற கட்டடம்டி இது."

"இடிச்சா பாத்துக்கலாம், ரோஸலி."

"என்னத்தப் பாத்துக்கறது? நீ உள்ள இருக்கும்போதே இடிப்பானுங்க."

"உள்ள ஆள் இருந்தா எப்படி இடிப்பானுங்க?" என்றாள்.

தீய்ந்த வாசனை மூக்கில் ஏறவே நான் திரும்பி ஓடினேன். உள்ளே சூப் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோயிருந்தது. அந்தக் கணக்கையும் டார்லீன் தலையில்தான் எழுதினேன்.

எங்கள் கார்வர்ஸ்பர்க்கில் இரும்பாலையை மூடியபோது எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆலை போனது. பின்னாலேயே ஆட்கள் போனார்கள். ஆட்கள் போனதும் கடைகளெல்லாம் நெடுஞ்சாலையோரம் புதிதாகக் கட்டின வணிக வளாகத்துக்கு ஓடின. கடைசியில் அந்த வளாகமும் படுத்துவிட்டது. மெயின் தெருவில் மிஞ்சியது கோர்ட், ஒரு வங்கி, ஒரு முடிதிருத்தும் கடை, அப்புறம் நான். கோர்ட் ஆட்களுக்கு மத்தியானம் சூப்பும் சாண்ட்விச்சும் போட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவேன். அதற்குமேல் திறந்துவைத்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஐந்து மணிக்குக் கோர்ட்டும் மூடிவிட்டால் தெருவில் புறாக்களும் போக்குவரத்து விளக்கும்தான். அந்த விளக்கு யாருக்காகவோ சிவப்பு, பச்சை என்று மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருக்கும்.

என் கடை இருக்கிற கட்டடம் தியோ காரஸுடையது. அவன் தாத்தா காலத்தில் அது மூன்று தளமும் ஃபர்னிச்சர் கடை. தியோவுக்கு என்ன தோன்றியதோ, மேலே கட்டிலும் சோபாவும் விற்ற இடத்தைத் தடுத்துத் தன் கையாலேயே நான்கு வீடுகள் கட்டினான். சும்மா சொல்லக்கூடாது, அழகான வீடுகள். ஆள் உயர ஜன்னல்கள், தேக்குப் போலப் பளபளக்கிற மரத் தரை. கட்டி முடித்த கையோடு நகர சபைக்காரர்கள் வந்து நின்றார்கள். இந்த வரிசைக் கட்டடங்களை இடித்து, கோர்ட்டுக்கு வருகிற வண்டிகளை நிறுத்த இடம் பண்ணப் போகிறார்களாம். தெரு முழுக்கக் காலியாகக் கிடக்கிற ஊரில் வண்டி நிறுத்த இடமில்லையாம். இதைக் கேட்டு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

அவர்கள் வெளியூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்துக் கேட்டிருந்தார்கள். இந்த ஊரின் நடுத்தெருவில் குடியிருக்க ஆசைப்படுகிறவர் யாருமே இல்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். தியோ கெஞ்சிக் கூத்தாடி ஒரு தவணை வாங்கினான். மார்ச் மாதக் கூட்டத்துக்குள் நான்கு வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டால் கட்டடம் பிழைக்கும். வராவிட்டால் தரைமட்டம். கூடவே என் கடையும்.

அந்த நான்கில் முதல் வீட்டுக்குத்தான் டார்லீன் வந்தாள்.

அவளைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற மஞ்சள் பஸ்ஸை ஆயுசு முழுக்க ஓட்டினவள். இன்றைக்கு வங்கி மேனேஜராக இருக்கிறவனும், போலீஸாக இருக்கிறவனும், ஜெயிலில் இருக்கிறவனும் அவள் பஸ்ஸில் போனவர்கள்தான். கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஒரு சத்தம் போடுவாள் பாருங்கள், ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற நாய் வாலைச் சுருட்டிக்கொள்ளும். அவள் புருஷன் ஃப்ராங்க், ஆலை மூடின பிறகு ஃப்ளோரிடாவுக்குப் போய், "இங்க நல்ல வெயில், கிளம்பி வந்துடு" என்று போன் பண்ணினான். "வெயில் இங்கயும் வரும், நீ காத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் மறுநாள் காலை பஸ்ஸை எடுத்தாள். அவன் அங்கேயே தங்கிவிட்டான். அதைப் பற்றி அவள் அழுது நான் பார்த்ததில்லை.

மலைமேல் அவள் தெருவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஆள். இப்போது இடதுபக்க வீடு கூரை விழுந்து கிடந்தது. வலதுபக்க வீட்டில் காட்டிலிருந்து வந்து குடியேறின ஒரு ராக்கூன் குடும்பம், குட்டிகளோடு. "அதுங்க நல்ல மனுஷங்க, சத்தமே போடாது" என்பாள் டார்லீன். ஏன்டி இந்த வயதில் இடம் மாறுகிறாய் என்று கேட்டால் முட்டியைத் தட்டிக் காட்டுவாள்.

"மலையில படி, இங்க லிஃப்ட்டு. என் முட்டி முடிவு பண்ணிடுச்சு. பீரோ ஏத்தின லிஃப்ட்டு என்னை ஏத்தாதா?"

ஏற்றியது. முக்கி முனகித்தான் ஏற்றியது.

அக்டோபரில் அவள் வந்தாள். அப்புறம் யாரும் வரவில்லை. தியோ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தான். ஒரே ஒருவர் கூப்பிட்டார். பழைய சோபா ஏதாவது விலைக்கு இருக்கிறதா என்று கேட்டார். கிறிஸ்துமஸ் போனது, புது வருஷம் போனது. தியோ தினமும் என் கடையில் வந்து காபியை முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருப்பான். எனக்கும் பயம்தான். ஆனால் பயம் என்று சொல்லிக்கொள்கிற ஆளா நான்? "மூணு வீட்டுக்கும் அந்த ராக்கூன் குடும்பத்தையே கூட்டிட்டு வந்துடலாம்டா" என்று சொல்லி அவனைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

பிப்ரவரியில் பெரிய பனி கொட்டியது. நகரசபையின் பனி வண்டி வந்து தெரு நடுவை வழித்து, வழித்த பனியையெல்லாம் இரண்டு ஓரமும் இடுப்பளவு குவித்துவிட்டுப் போனது. நான் காலையில் வந்தால், டார்லீன் கட்டடத்துக்கு முன்னால் மண்வெட்டியோடு நிற்கிறாள். ஒரு கார் நிற்கிற அளவுக்கு ஓரத்தைச் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தாள். வெட்டின இடத்தின் நடுவில் தன் சமையலறை நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். மஞ்சள் ரெக்சின் போட்ட நாற்காலி, முதுகில் ஒரு கிழிசல்.

மலைமேல் இருக்கிற தெருக்களில் இது எல்லாரும் செய்கிறதுதான். பனி வெட்டினவனுக்கு இடம் சொந்தம். நாற்காலி வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், திரும்பி வருகிறவரை அந்த இடம் அவனுக்குக் காத்திருக்கும். சட்டத்தில் எழுதியிருக்கிறதா என்றால் இல்லை. ஆனால் அடுத்தவன் நாற்காலியைத் தொட்டவன் இந்த ஊரில் பெண் எடுக்க முடியாது. அதெல்லாம் ஆள் குடியிருக்கிற தெருவில். காக்கா குருவி இல்லாத மெயின் தெருவில் நாற்காலியா?

"இந்தப் பக்கம் பாரு, அந்தப் பக்கம் பாரு. உன் இடத்துக்கு எவன்டி போட்டிக்கு வரப்போறான்?"

"வெட்டினது நான். வெச்சது என் நாற்காலி. இதுல நீ என்ன நடுவுல?"

தான் பிடித்த முயலுக்கு மூணே கால். கோர்ட்டு ஆட்கள் போகும்போதும் வரும்போதும் அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார்கள். முடிதிருத்துகிறவர் வெளியே வந்து அதற்கு ஒரு சலாம் வைத்தார். டார்லீன் எதையும் கண்டுகொள்ளாமல் காய்கறி வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று வெள்ளிக்கிழமை, தவக்காலம். என் கடையில் இறைச்சி இல்லாத பீன்ஸ் சூப். அதைச் சாப்பிட மேயர் கில் ஸ்டாஃபர் வந்தான். ஓரமெல்லாம் பனிக் குவியல், வெட்டிய இடம் ஒன்றே ஒன்று. அதில் ஒரு கிழிந்த நாற்காலி. இறங்கி வந்து, நாற்காலியைத் தூக்கிப் பனிமேட்டில் சாய்த்து வைத்து, காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. மலைமேல் பிறந்து வளர்ந்தவன் செய்கிற காரியமா இது? சொல்லலாமா என்று நினைத்தேன். வேடிக்கை பார்க்கிற ஆசை ஜெயித்துவிட்டது. "வா கில், உட்காரு" என்று சூப்பை ஊற்றி வைத்தேன்.

பாதிக் கிண்ணம் காலியாவதற்குள் டார்லீன் திரும்பி வந்துவிட்டாள். காரை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு, கடைக் கதவைத் திறந்தாள்.

"கில் ஸ்டாஃபர்."

பஸ் குரல். கடையில் இருந்த அத்தனை பேரும், வக்கீல்கள், குமாஸ்தாக்கள் எல்லாரும், அவர்களை அறியாமலே முதுகை நிமிர்த்தி நேராக உட்கார்ந்தார்கள்.

"என் நாற்காலிய யாரு எடுத்தது?"

கில்லின் காது சிவந்துவிட்டது. "மிஸ் டார்லீன், அது உங்களோடதா? தெரியாதுங்க. தியோ கடையில வேண்டாம்னு தூக்கிப் போட்டதுன்னு நினைச்சேன்."

"இடத்த வெட்டி வெச்சிருக்கு. நடுவுல நாற்காலி இருக்கு. உங்கம்மா உனக்கு எதுவும் சொல்லித் தரலியா?"

"மலை மேலன்னா எனக்குத் தெரியாதாங்க? இது மெயின் தெருவாச்சே. இங்கதான் யாரும் குடியில்லையே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"நான் குடியிருக்கேன்" என்றாள் டார்லீன். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாமல் பேசி நான் அன்றுதான் கேட்டேன். நான் திரும்பி நின்று ரொட்டியை வெட்டினேன்.

கில் எழுந்து வெளியே போய்க் காரை நகர்த்தினான். நாற்காலியின் பனியைத் தன் கையுறையாலேயே துடைத்து இருந்த இடத்தில் வைத்தான். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்று சாயங்காலம் மாதா கோவில் நிலவறையில் மீன் வறுவல் விருந்து, ஊரில் பாதி அங்கேதான் இருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மீன் ஆறுவதற்குள் சேதி எல்லா மேசைக்கும் போய்விட்டது. மேயர் நாற்காலியைத் தொட்டுவிட்டானாம். வரியை ஏற்றினபோது சும்மா இருந்தவர்கள், பாலத்தை மூடினபோது சும்மா இருந்தவர்கள், இப்போது கொதித்துப்போனார்கள். "நம்ம ஊர்ப் பையனா இப்படி?" என்று உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டையைக் கடித்துக்கொண்டே ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே இன்னொரு கேள்வி வந்தது. "ஆமா, டார்லீன் மெயின் தெருவுலயா இருக்கா? அங்க வீடு இருக்கா?"

மறுநாள் கில் மண்வெட்டியோடு வந்தான். பக்கத்தில் அவன் அம்மா, கையில் வால்நட் ரொட்டி. டார்லீன் இடத்துக்கு இரண்டு பக்கமும் இன்னும் நாலைந்து கார் நிற்கிற அளவுக்கு அவன் தனியாக வெட்டினான். அவன் அம்மா என் கடை வாசலில் நின்றுகொண்டு, "அந்த மூலையில விட்டுட்ட பாரு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம். நான் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்தவில்லை. சாத்த முடியவில்லை.

அன்றிலிருந்து நாற்காலியைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களை டார்லீன் சும்மா விடுவாளா? "நாற்காலிய மட்டும் பாத்தா போதுமா, மேல வாங்க" என்று லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போவாள். தன் வீட்டைக் காட்டுவாள். காலியாக இருக்கிற மூன்றையும் காட்டுவாள். ஜன்னலில் நிறுத்தி ஆற்றைக் காட்டுவாள். பிள்ளைகளை ஏற்றி இறக்கின கைக்கு இது ஒரு வேலையா?

நடீன் அப்படித்தான் வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஊருக்கு வெளியே எங்கேயோ வாடகைக்கு இருந்தாள். "பனியில ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வேலைக்கு வரேன். இங்க வீடு இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலியே" என்றாள். டார்லீனுக்கு எதிர்வீட்டை எடுத்துக்கொண்டாள். அப்புறம் டெரெல் ஓடம், கோர்ட் வாசலில் காவலுக்கு நிற்கிறவன். தினமும் எதிரிலேயே நின்று அந்த ஜன்னல்களைப் பார்த்தவன்தான். மனைவியையும் கூட்டிவந்து இரண்டாம் மாடியில் பின்பக்க வீட்டுக்கு வந்துவிட்டான். அடுத்த பனிக்கு மெயின் தெருவில் மூன்று நாற்காலிகள் நின்றன. டெரெல் வைத்தது கடற்கரைக்கு எடுத்துப்போகிற மடக்கு நாற்காலி, அதில் பனைமரப் படம். நான் தெருவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். அத்தனை வருஷத்தில் அந்தத் தெருவைப் பார்த்து நான் சிரித்ததே கிடையாது.

ஆனால் நான்காவது வீட்டுக்கு யாரும் வரவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். மார்ச் கூட்டம் வந்துவிட்டது.

நகர சபைக் கூடம் நிரம்பி வழிந்தது. தியோ கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தான், கழுத்துப் பொத்தான் மாறிப்போயிருந்தது. கில் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தியோ எழுந்து, மூன்று வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது, நான்காவதும் வந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றான். சபை உறுப்பினர் ஹாலிஸ் பிரெண்ட், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பேசுகிறவர், கையை உயர்த்தினார்.

"நாலுன்னுதான பேச்சு. மூணு நாலாகாது. ஒரு நாற்காலிய வெச்சு நாமல்லாம் சிரிச்சோம், நல்லாத்தான் இருந்துது. ஆனா நிஜம் என்ன? சாயங்காலமானா அந்தத் தெருவுல ஆளே இல்ல. கீழ சூப் கடை வெச்சிருக்கற அம்மாவே ரெண்டு மணிக்கு வீட்டப் பாத்து ஓடிடறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சொன்னது நிஜம். என் வீடு நெடுஞ்சாலைப் பக்கம், புல்வெளியும் கார் கொட்டகையும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத இடம். டார்லீனைப் பார்த்தேன். அவள் கைகளை மடியில் கோர்த்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடம் போனால் அவளுக்குத் திரும்பிப் போக மலைமேல் வீடு இல்லை. விற்றாயிற்று. அது எனக்குத் தெரியும், ஆனால் அவள் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

"அந்த வீடு காலியில்ல" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடைய குரல்தான்.

பிரெண்ட் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "யாரும்மா வரப்போறது?"

"நான்தான். இனிமே ரெண்டு மணிக்கு எங்கயும் ஓடமாட்டேன். லிஃப்ட்டுல ஏறி மேல போவேன். போதுமா?"

கில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நெல்லோ அண்ணன் சம்மதிச்சுட்டாருங்களா?" என்று கேட்டான்.

வீட்டில் ஒரு புருஷன் இருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "அது எங்க வீட்டு விஷயம், நீ ஓட்டெடு" என்றேன்.

ஓட்டெடுத்தார்கள். பிரெண்ட்டும் கை தூக்கினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். தியோ அழுதான். டார்லீன் என் தோளைப் பிடித்த பிடியில் ஒரு வாரம் வலித்தது.

அன்று வீட்டுக்குப் போய் நெல்லோவிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "லிஃப்ட்டு இருக்கா?" என்றான். இருக்கிறது என்றேன். "புல்லு வெட்டணுமா?" வேண்டாம் என்றேன். "அப்ப நேத்தே போயிருக்கலாமே" என்றான். நாற்பது வருஷமாக அவன் புல் வெட்டுவதை வெறுத்திருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஏப்ரலில் குடிபோனோம். எங்கள் வீடு இரண்டாம் மாடி, டார்லீனுக்கு நேர் மேலே. முதல் நாள் சாயங்காலம் நானும் நெல்லோவும் கட்டிலை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக இழுத்து இழுத்துக் களைத்து நிறுத்தினதும் கீழேயிருந்து டொக் டொக்கென்று துடைப்பக் கட்டையால் இடிக்கிற சத்தம். வந்த அன்றைக்கே சண்டையா? எனக்கும் கோபம் வந்தது. கீழே போய் அவள் கதவைத் தட்டினேன்.

"ஏன்டி, கட்டில இழுக்காம தலையில தூக்கிட்டா போகமுடியும்?"

டார்லீன் கையில் துடைப்பத்தோடு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்கன்னு கேக்கத்தான்டி இடிச்சேன்" என்றாள்.

"என்னது?"

"முட்டி வலியாவது மண்ணாவது. மலை மேல எனக்குப் பத்து வருஷமா ஒரு ஆள் நடக்கற சத்தம் கேக்கல, ரோஸலி. விடிய விடிய ரேடியோவ வெச்சுட்டுப் படுத்திருப்பேன். இன்னிக்குத்தான் ரேடியோவ நிறுத்தினேன்."

அவள் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேலே வந்தேன். நெல்லோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அதக் கழட்டாத, எழுந்து கொஞ்சம் நட" என்றேன்.